உறைபனியும் கம்பிக் கண்ணியும்

ஆசிரியருக்கு,

தை, மாசியில் நுவரெலியா, அம்பேவலப் பக்கம் துகள் உறைபனி விழுந்தால் பத்திரிகைகளில் வெள்ளைப் புல்வெளியின் படம் வந்துவிடுகிறது. அதே நாட்களில் மரைகள் (கடமான்கள்) இடம் மாறுவதையும், அவற்றின் தடத்தில் கண்ணிகள் கூடுவதையும் யாரும் எழுதுவதில்லை.

காற்றில்லாத தெளிந்த இரவில் குளிர் சரிவிறங்கிப் பள்ளத்தில் தேங்கும். பத்தனை எனும் மலைப் புல்வெளியில் புல் முதலில் கருகுவது அங்கேதான். மரத்தடியில் அவ்வளவாகப் பனி பிடிக்காது. அதனால் மரை காட்டோரத்தை ஒட்டியே மேயும், இருட்டியதும் கரட், பீட்ரூட் பாத்திகளுக்கு இறங்கும். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் காற்றிரைச்சலில் காதும் மூக்கும் உதவாது என்பதால் காற்று மறைவில் ஒதுங்கிவிடும். மூடுபனி இறங்கினால் பகலிலும் வெளியே வரும். வறட்சியில் பத்தனைக்குத் தீ வைப்பவர்களில் சிலர், மழைக்குப் பின் முளைக்கும் தளிர்ப்புல்லுக்கு மரை வரும் என்று கணக்குப் பண்ணியே வைக்கிறார்கள்.

மரை வேட்டை சட்டப்படி குற்றம். பிடிபட்டால் "பன்றிக்கு வைத்தது" என்பார்கள். கண்ணி கட்டும் கிளட்ச் கம்பிக்குப் பன்றியும் ஒன்று, மரையும் ஒன்று, சிறுத்தையும் ஒன்று. 2020 மே மாதம் லக்ஷபான தோட்டத்தில் கண்ணியில் சிக்கிய கருஞ்சிறுத்தை, சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை.

தோட்ட நிர்வாகங்கள் கண்ணி தேட ஆள் அனுப்புவதானால் பனிக்காலத்தில், காலைச் சாய்வெயிலில் அனுப்பட்டும். பனித்துளி கோத்த கம்பி அப்போதுதான் மின்னும். மத்தியானத்தில் பக்கத்தில் நின்றாலும் தெரியாது. தேட வேண்டியது தேயிலை மலையின் நடுவில் அல்ல, காடு முடியும் ஓரத்திலும் கான் (வடிகால்) கடக்கும் இடங்களிலும். ஈர மண்ணில் பிளவுக் குளம்புக்குப் பின்னால் இருபுறமும் அகன்று சிறு குத்துகள் இருந்தால் பன்றி. அவையின்றி நீளமாக, பெரிதாக இருந்தால் மரை. தடத்தின் இரு பக்கமும் புதிதாக வெட்டிய கிளைகள் செருகியிருந்தால் இடைவெளியை நிதானமாகப் பாருங்கள். சுருக்கை மட்டும் வெட்டுவது வீண்; மீதிக் கம்பியில் அன்றிரவே இன்னொரு சுருக்குப் போடலாம். மரத்தில் கட்டிய முடிச்சோடு அவிழ்த்து எடுத்து வர வேண்டும்.

உயிரோடு சிறுத்தை சிக்கியிருந்தால் யாரும் கிட்டப் போகக் கூடாது. கம்பி பெரும்பாலும் இடுப்பில் விழுந்திருக்கும். கூட்டத்தைக் கண்டு அது பாயும் ஒவ்வொரு முறையும் இன்னும் இறுகி உள்ளுறுப்புகளை நசுக்கும். மயக்க ஊசி போட்டுத்தான் விடுவிக்க முடியும். அதற்கு வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்ல வேண்டும். பக்கத்து அலுவலகத்தின் தொலைபேசி இலக்கத்தை மார்கழிக்கு முன்பே தொழிலாளர்கள் காலையில் கூடும் ஒவ்வொரு பிரட்டுக்களத்தின் பலகையிலும் எழுதிவைக்க நிர்வாகங்களுக்கு என்ன தடை?

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
கந்தப்பளை