செல்போன் லைட், அட்டை, அடிஸ்கேல்: அறிவியல் நாளுக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

கொடைக்கானல்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். இந்த முறை ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு கேள்விதான் கொடுத்திருக்கிறோம். சூரியனும் ஒரு நட்சத்திரம்தான் என்றால், அது மட்டும் ஏன் இவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது? தெர்மோகோல் மாடல் வேண்டாம். கடையில் காசு கொடுத்து சார்ட் எழுதி வாங்கவும் வேண்டாம். வீட்டில் அளந்து பார்க்க வேண்டிய வேலை இது, அதற்குத்தான் உங்கள் துணை தேவை.

"சூரியன்தான் எல்லாவற்றிலும் பெரிய நட்சத்திரம்" என்று பல பிள்ளைகள் எழுதிவிடுகிறார்கள். அது தவறு. சூரியனின் விட்டம் ஏறத்தாழ 13.9 லட்சம் கி.மீ. இப்போது மாலை வானில் சிவப்பாகத் தெரியும் திருவாதிரை அதைப்போலப் பல நூறு மடங்கு அகலமானது. ஆனாலும் நமக்கு அது ஒரு புள்ளி. சூரியன் இருப்பது சுமார் 15 கோடி கி.மீ. தொலைவில், அதன் ஒளி 8 நிமிடம் 20 வினாடியில் நம்மிடம் வந்துவிடுகிறது. இரவு வானிலேயே மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸின் ஒளிக்கு 8.6 ஆண்டு ஆகிறது. சிரியஸ் வெளியிடும் ஒளி சூரியனைப்போல் ஏறத்தாழ 25 மடங்கு, தூரமோ 5.4 லட்சம் மடங்கு. அதனால் நம் கண்ணுக்குச் சூரியன் சிரியஸைவிட 1000 கோடி மடங்குக்கும் மேல் பிரகாசம். மலை விளிம்பில் இருக்கும் நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில் நின்று இரவில் கீழே பார்த்தால் சமவெளியின் பெரிய பெரிய விளக்குகள்கூட மினுக்கும் புள்ளிகளாகத் தெரிவதும், பக்கத்துக் கடையின் சின்ன பல்பு கண் கூசுவதும் இதே கணக்குதான்.

25 மடங்கு ஒளியை 5.4 லட்சம் மடங்கு தூரத்தால் வகுத்தால் இந்த 1000 கோடி வராது. இங்கேதான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதியாகும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் கால் பங்காகும். சொல்லிப் புரியவைப்பதைவிட அளக்கவிடுவது மேல்.

ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையின் நடுவில் 4 செ.மீ.க்கு 4 செ.மீ. சதுரமாக பிளேடால் வெட்டிக்கொடுங்கள் (பிளேடு உங்கள் கையில் இருக்கட்டும்). செல்போனின் பிளாஷ் லைட்டை எரியவிட்டு, லைட்டுக்கு நேர் எதிரே 20 செ.மீ. தள்ளி அட்டையைப் புத்தகங்களுக்கு இடையே செருகி நிறுத்துங்கள். போனும் அட்டையும் ஒரே பலகையின் மேல் இருந்தால் இடைவெளி மாறாது. அறையை இருட்டாக்கி, சுவரில் வெள்ளைத்தாள் ஒட்டி, லைட்டிலிருந்து சுவர் 40 செ.மீ., பிறகு 60, பிறகு 80 என்று பலகையைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். தாளில் விழும் வெளிச்சச் சதுரத்தின் பக்கம் ஏறத்தாழ 8, 12, 16 செ.மீ. வரும். பரப்பு 64, 144, 256 ச.செ.மீ. அட்டையின் ஓட்டை 16 ச.செ.மீ. தான். அதன் வழியாகப் போன அதே ஒளி 4, 9, 16 மடங்கு பரப்பில் பரவிக்கிடக்கிறது. அதனால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் கிடைப்பது கால் பங்கு, 9ல் ஒரு பங்கு, 16ல் ஒரு பங்கு. அதனால்தான் 5.4 லட்சத்தை 5.4 லட்சத்தாலேயே பெருக்கி, 25ஆல் வகுத்தால் அந்த 1000 கோடிக்கு மேல் வருகிறது.

இது சரியாக வராமல் போவதற்குச் சில காரணங்கள் உண்டு. கை டார்ச் உதவாது. அதன் உள்ளே இருக்கும் கிண்ணம் ஒளியை ஒரே பக்கம் குவித்து அனுப்புவதால் தூரக் கணக்கு கெட்டுவிடும். போனில் இரண்டு பிளாஷ் பல்பு இருந்தால் சதுரத்துக்கு இரட்டை விளிம்பு விழும். ஒன்றின்மேல் கருப்பு டேப் ஒட்டுங்கள். சதுரம் ஒரு பக்கம் அகன்று கோணலாக இருந்தால் அட்டை சாய்ந்திருக்கிறது. விளிம்பு மங்கலாக இருந்தால் மங்கலின் நடுவைக் குறிக்கலாம். 8க்குப் பதில் 8.3 வந்தால் 8.3 என்றே எழுதவிடுங்கள், அழித்துத் திருத்த வேண்டாம். மூன்று அளவும் பிசகில்லாமல் 8, 12, 16 என்று வந்தால்தான் எங்களுக்குச் சந்தேகம் வரும்!

தூரம் ஒன்றே காரணம் என்று முடித்துவிடவும் கூடாது. சூரியனை அடுத்து நமக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரம் பிராக்சிமா, 4.24 ஒளியாண்டு (ஒளி ஓர் ஆண்டில் போகும் தூரம் ஓர் ஒளியாண்டு). வெறும் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது, ஏனென்றால் அது வெளியிடும் ஒளி அவ்வளவு குறைவு. தெற்கே தாழ்வாகத் தெரியும் அகத்தியர் நட்சத்திரம் சுமார் 310 ஒளியாண்டு தள்ளி இருந்தும் பிரகாசத்தில் சிரியஸுக்கு அடுத்த இடத்தில் நிற்கிறது. நம் சூரியனைத் தூக்கி சிரியஸின் தூரத்தில் வைத்தால் துருவ நட்சத்திரம் அளவுக்குத்தான் தெரியும். 33 ஒளியாண்டு தள்ளி வைத்தால், மூடுபனி இல்லாத இரவில் நம் மலையிலிருந்து தேடிக் கண்டுபிடிக்கலாம். மதுரை வெளிச்சத்தில் காணாமல் போய்விடும்.

இரண்டாவது வேலை, விருப்பம் இருந்தால் மட்டும். அட்டையில் சிறிய ஓட்டை வெட்டி, அதன்மேல் அலுமினிய ஃபாயில் ஒட்டி, ஊசியால் 1 மி.மீ. துளை போடுங்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, துளை வழியே வரும் ஒளியை 1 மீட்டர் தள்ளி, நிழலில் பிடித்த வெள்ளைத்தாளில் விழவிட்டால் 9 மி.மீ. அளவில் சூரியனின் உருவம் கிடைக்கும். 2 மீட்டரில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. தூரத்தை உருவத்தின் விட்டத்தால் வகுத்தால் 108ஐ ஒட்டி வரும். 15 கோடியை 108ஆல் வகுத்தால் சூரியனின் விட்டம் கையில். உருவம் முட்டை வடிவமானால் தாளை ஒளிக்கு நேராகத் திருப்புங்கள். துளை பெரிதானால் விளிம்பு கலைந்துவிடும். மதியத்துக்கு மேல் மேகம் ஏறிவிடும் என்பதால் காலை 9 மணியிலிருந்து 10.30க்குள் முடிப்பது நல்லது. சூரியப் புள்ளிகள் (சூரியனின் மேற்பரப்பில் இருக்கும் கரும்புள்ளிகள்) இதில் தெரியாது. அவற்றுக்கு 1899ல் தொடங்கிய நம் ஊர் வானாய்வகம் போன்ற இடம் வேண்டும். புள்ளிகளில் வாயு வெளிப்புறமாக ஓடுவதை வானியலாளர் எவர்ஷெட் 1909ல் கண்டறிந்தது இங்கேதான். மற்ற நட்சத்திரங்கள் புள்ளிகளாகத் தெரிகையில், இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வாய்த்த ஒரே நட்சத்திரம் சூரியன்தான்.

துளை வழியே கண்ணை வைத்துச் சூரியனைப் பார்க்க விடாதீர்கள். கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே பிலிம், மஞ்சள் தண்ணீர், மெல்லிய மேகம் எதுவும் பாதுகாப்பில்லை. விழித்திரைக்கு வலி தெரியாது, அதனால் கெட்டபிறகுதான் தெரியவரும். நம் உயரத்தில் புற ஊதாக் கதிரும் சமவெளியைவிடக் கூடுதல்.

அளவுகள் எழுதிய நோட்டை 26ஆம் தேதிக்குள் கொடுத்தனுப்புங்கள். இரவில் நட்சத்திரம் காட்டுவதானால் 7.30க்கு மேல், வீட்டு மாடியிலிருந்து, குல்லாவும் ஸ்வெட்டரும் போட்டு. ரோட்டோரமும் புல்வெளியும் வேண்டாம். இருட்டில் காட்டெருமை நிற்பது பக்கத்தில் போகும்வரை தெரியாது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்