நாலு பெட்டையும் ஒரு ஆப்பிள் தோட்டமும்

வால்ஸ், ஷெட்லாந்து
செப்டம்பர் 14

அன்புள்ள தேன்மொழி,

உங்கள் ஆப்பிள் தோட்டத்துப் படங்கள் வந்தன. அம்மா ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்து, சமையலறை ஜன்னலுக்குத் திரை நீளம் போதவில்லை என்பது வரை கண்டுபிடித்துவிட்டாள். நான் புல்லைத்தான் பார்த்தேன். மாப்பிள்ளை முழங்கால் வரை புல்லில் நின்று சிரிக்கிறார். அவர் சிரிக்கிறார், எனக்குக் கவலை.

நீ கேட்ட நம் ஷெட்லாந்து செம்மறி ஆடு தருகிறேன், அதில் சந்தேகம் வேண்டாம். நாலு பெட்டை, துணைக்குக் காயடித்த கிடா ஒன்று. ஆனால் இந்த ஆடு எங்கே வளர்ந்தது என்பதை ஞாபகம் வைத்துக்கொள். ஸ்காட்லாந்துக்கு வடக்கே இந்தத் தீவில், மரமில்லாத குன்று, உப்புக் காற்று, மே மாதம் வரை தலைகாட்டாத புல். பல நூறு வருஷமாகப் பஞ்சத்தில் பிழைத்துப் பழகிய இனம். இங்கிலாந்தில் உங்கள் ஹெரிஃபோர்ட்ஷயர் மாதிரி செழிப்பான இடத்தில் அதற்கு ஏதாவது ஆனால், பெரும்பாலும் நாம் அதிகமாகக் கொடுத்ததால்தான் ஆகும்.

வருஷம் முழுக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று பட்டியல் கேட்டிருந்தாய். பட்டியல் போட எனக்கு வராது. இங்கே நடப்பதைச் சொல்கிறேன், அங்கே எது மாறும் என்று தோன்றுவதையும் சேர்த்துச் சொல்கிறேன். நீ இங்கே வளர்ந்தவள்தான். ஆனால் பள்ளிப் பேருந்துக்கு ஓடுகிற அவசரத்தில் பட்டியை எட்டிப் பார்த்ததோடு சரி.

முதலில் தாமிரம். ஆட்டுக்குத் தாமிரம் கொஞ்சம் தேவை, கொஞ்சம் கூடினால் விஷம். வட ஐரோப்பாவின் பழைய இனங்கள் பல, நம்முடையதும் சேர்த்து, தாமிரம் அரிதான மண்ணில் வாழ்ந்தவை. கிடைத்ததை விடாமல் ஈரலில் சேர்த்து வைத்துக்கொள்ளும் உடம்பு. அதிகமாகக் கிடைத்தாலும் அப்படியே சேர்க்கும், மாதக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் ஒரு நாய் துரத்தியிருக்கும், அல்லது வண்டியில் ஏற்றியிருப்பீர்கள், அந்த அதிர்ச்சியில் ஈரல் மொத்தத்தையும் ரத்தத்தில் கொட்டிவிடும். கண்ணும் ஈறும் மஞ்சளாகும், மூத்திரம் சிவப்பாகும், ஓரிரு நாளில் முடிந்துவிடும். அந்தக் கட்டத்துக்குப் போனதை மருத்துவரும் காப்பாற்றுவது அபூர்வம்.

உன் தோட்டத்துக்கு இதில் தனியாக ஒரு சங்கதி இருக்கிறது. பழைய ஆப்பிள் தோட்டங்களில் பூஞ்சை நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை வருஷாவருஷம் தெளிப்பார்கள். அதில் உள்ள தாமிரம் மேல்மண்ணிலேயே தங்கிவிடும், மழையில் கரைந்து போகாது. ஆடு புல்லோடு மண்ணையும் கொஞ்சம் தின்னும். உன் மரங்களின் வயசைப் பார்த்தால் அந்தத் தெளிப்பைப் பார்த்திருக்கும் என்று தோன்றுகிறது. மரத்தடி மண்ணையும், மரமில்லாத கீழ்ப்பக்கத்து மண்ணையும் தனித்தனியாக எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பு. தீவனம் வாங்கினால் செம்மறிக்கென்றே செய்தது மட்டும் வாங்கு. மாட்டுக்கும் பன்றிக்கும் செய்ததை ஒரு வேளைக்குக்கூடத் தொடாதே. தாது உப்புக் கட்டியும் அப்படித்தான், மூடியில் கூடுதல் தாமிரம் சேர்க்கவில்லை என்று போட்டிருக்க வேண்டும். குளம்புப் புண்ணுக்கு மயில்துத்தக் கரைசலில் நிறுத்து என்று பழைய புத்தகங்கள் சொல்லும். வேண்டாம், துத்தநாக சல்பேட் போதும்.

மரங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் விடுவதற்கு ஷ்ராப்ஷயர் ஆட்டைத்தான் சிபாரிசு செய்வார்கள், அது பட்டையை அவ்வளவாகக் கடிக்காது என்று பெயர் வாங்கியது. நம் ஆடு அப்படி இல்லை. இலை, தழை, பட்டை எல்லாம் ருசி பார்க்கும். இளங்கன்று ஆப்பிளைச் சுற்றிப் பட்டையை உரித்தால் மரம் செத்தது. கம்பி வலைக்கூண்டு போடாமல் ஆட்டை உள்ளே விடாதே. இப்போது உதிர்கிற பழமும் ஆபத்து. ஒரே நாளில் வயிறு முட்டத் தின்றால் உள்ளே புளித்துப் படுத்துவிடும். அறுவடை முடிந்து, தரையைப் பொறுக்கிச் சுத்தம் செய்த பிறகு தோட்டத்தைத் திற. உன் வேலிக்கு அந்தப் பக்கம் தேவாலயத்து மயானம் தெரிகிறதே, அங்கே கறுப்பாக நிற்பது யூ மரமா என்று பார். அதன் கிளை ஒரு வாய் போனால் போதும், ஆடு விழுந்துவிடும். வெட்டிப் போட்ட காய்ந்த கிளையும் அதே விஷம்தான்.

சரி, ஆடுகள் வந்து இறங்குவது அக்டோபரில். முதல் வருஷம் பொலி கிடா வேண்டாம் என்பது என் எண்ணம். ஒரு குளிர்காலம் ஒரு கோடை அவற்றோடு இருந்து பாருங்கள். இங்கே நவம்பர் கடைசியில்தான் கிடாவை விடுகிறோம். சினைக்காலம் ஏறக்குறைய 147 நாள், ஏப்ரல் கடைசியில் ஈனத் தொடங்கும், பால் வற்றுவதற்குள் புல் வந்துவிடும். அங்கே புல் முன்னாடியே வரும், ஆகவே அடுத்த வருஷம் நவம்பர் தொடக்கத்திலேயே விடலாம். பக்கத்தில் யாரிடமாவது நல்ல கிடா இருந்தால் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பாப்பா ஒரு குட்டியைப் பாட்டிலில் பால் கொடுத்து வளர்க்க ஆசைப்பட்டால் பெட்டைக் குட்டியோ காயடித்ததோ மட்டும். செல்லமாக வளர்ந்த கிடாவுக்கு மனுஷன் மேல் பயம் விட்டுப்போகும், பெரிதானதும் முட்டும். கொம்புள்ள கிடாவுக்கு முதுகைக் காட்டி நிற்கக் கூடாது என்பதைக் குழந்தைக்கு யாரும் சொல்லிப் புரியவைக்க முடியாது.

இங்கே குளிர்காலம் உனக்குத் தெரிந்ததுதான். டிசம்பரில் வெளிச்சமே ஆறு மணி நேரத்துக்குக் கீழே. நம் ஆடு கொட்டகைக்கு வராது, கல்சுவரின் காற்று படாத பக்கம் படுத்துக்கொள்ளும். கடல் வற்றும் நேரம் எப்படித்தான் தெரியுமோ, யாரும் ஓட்டாமலே மேட்டிலிருந்து இறங்கிக் கரைக்குப் போய்விடும். புயல் ஒதுக்கிய கடற்பாசியை மென்றுவிட்டு, அலை ஏறும்போது திரும்பும். உன் அம்மா லெர்விக் மருத்துவமனையில் இரவு வேலை முடித்து வரும்போது, கார் விளக்கில் அந்த வரிசையைப் பார்த்து ஒருமுறை மிரண்டே போனாள்.

உன் பக்கத்தில் குளிரை விட ஈரமும் சேறும்தான் தொல்லை. குளம்பை அடிக்கடி பார். உலர்புல் இருந்தால் போதும். தானியத் தீவனத்தைச் சினையின் கடைசி ஆறு வாரத்துக்கு வைத்துக்கொள், அப்போதும் அள்ளி அள்ளி இல்லை, ஒரு கைப்பிடி. கண்ணால் பார்த்துக் கொழுப்பை மதிப்பிடாதே, கம்பளி ஏமாற்றும். கடைசி விலா எலும்புக்குப் பின்னால் முதுகின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்து. முதுகெலும்பின் முனைகள் மேடு மேடாகத் தட்டுப்பட வேண்டும், ஆனால் கூர்மையாகக் குத்தக் கூடாது. ஒன்றுமே தட்டுப்படாமல் மெத்தென்று இருந்தால், புல் குறைந்த இடத்துக்கு மாற்று. அதிகம் கொழுத்த பெட்டை இரட்டைக் குட்டி சுமந்தால் கடைசி வாரங்களில் தீனியை நிறுத்திவிட்டு, சொந்தக் கொழுப்பைக் கரைத்து, அந்த நஞ்சிலேயே தள்ளாடி விழும். இங்கே குன்றில் மேய்கிற பெட்டை பெரும்பாலும் ஒற்றைதான் போடும். நல்ல புல்லில் இரட்டை சகஜம்.

ஈனும் காலத்தில் நீ செய்ய வேண்டியது தள்ளி நிற்பது. பெட்டை கூட்டத்தை விட்டு ஒதுங்கும், தரையைக் காலால் கீறும், படுக்கும், எழும். குட்டிக்குச் சின்னத் தலை, பெட்டைக்கு அகன்ற இடுப்பு. பெரும்பாலும் யார் கையும் இல்லாமல் முடித்துவிடும். அரை மணியில் குட்டி எழுந்து மடி தேடும். முதல் ஆறு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போயிருக்க வேண்டும். அதை மட்டும் உறுதி செய்துகொண்டு, தொப்புளில் அயோடின் தடவிவிட்டு வந்துவிடு. வால் வெட்டுகிற வேலை இல்லை, பிறவியிலேயே குட்டை வால். ஒரு மணி நேரமாக முக்கியும் ஒன்றும் வரவில்லை என்றாலோ, வால் முதலில் தெரிந்தாலோ மருத்துவரைக் கூப்பிடு.

இங்கே எங்கள் எதிரி வானத்தில். அண்டங்காக்கை குட்டியின் கண்ணையும் நாக்கையும் கொத்தும். பாங்ஸி என்று ஊரார் சொல்லும் பெரிய ஸ்குவா பறவையும் விடாது. சில வருஷம் முன்பு பறவைக் காய்ச்சலில் அவை கூட்டம் கூட்டமாகச் செத்ததைப் பார்த்தபோது, எதிரி என்றும் சொல்ல மனசு வரவில்லை. நரி இந்தத் தீவுகளில் கிடையவே கிடையாது. நம் ஆட்டுக்கு நரி என்றால் என்னவென்றே தெரியாது. உங்களுக்கு நரியும் உண்டு, சங்கிலி இல்லாமல் நடக்க வரும் நாய்களும் உண்டு. வேலி விஷயத்தில் மாப்பிள்ளை சிக்கனம் பார்க்க வேண்டாம்.

கோடையில் எனக்குப் பிடித்த வேலை கம்பளி பறிப்பது. இங்கே ஜூன் கடைசிக்கு மேல், அங்கே மே கடைசியிலேயே பக்குவமாகிவிடும். கழுத்தடியில் கம்பளியை விரலால் பிரித்துப் பார். அடியில் புதுமயிர் ஒரு விரற்கடை முளைத்திருக்கும். பழையதும் புதியதும் சேருகிற இடத்தில் இழை மெலிந்து ஒரு கோடு தெரியும். ஒரு கையால் தோலை அழுத்திக்கொண்டு, மறு கையால் பழைய கம்பளியைக் கொத்தாகப் பிடித்து, வளர்ந்த திசையிலேயே மெதுவாக இழு. எதிர்ப்பே இல்லாமல் கையோடு வரும், சத்தமும் இருக்காது. கழுத்திலிருந்து தோள், தோளிலிருந்து விலா என்று போக வேண்டும். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை முழுக்க எண்ணெய்ப் பசையாகிவிடும். ஆடு நிற்க முடியாமல் நெளிந்தால் அதற்கு வலிக்கிறது என்று அர்த்தம். விட்டுவிட்டு ஒரு வாரம் கழித்துப் பார். ஒரு ஆட்டுக்கு அரை மணிக்கு மேல் பிடிக்கும், கத்தரிக்காரர் சில நிமிஷத்தில் முடிப்பார். இப்போது இங்கேயே பலர் கத்தரிதான் போடுகிறார்கள், எல்லா ஆடும் சீராகக் கழற்றுவதும் இல்லை. ஆனால் பறித்த இழைக்கு வெட்டுமுனை இல்லை, அதனால் குத்தாது. அன்ஸ்ட் தீவில் மோதிரத்துக்குள் இழுத்துவிடலாம் என்கிற சால்வைகளை, கழுத்துப் பகுதியின் மெல்லிய மயிரில்தான் நூற்றார்கள். ஒரு ஆட்டில் ஒன்று, ஒன்றரைக் கிலோ கிடைக்கும். அம்மா இப்போதே பங்கு கேட்கிறாள்.

அங்கே இதைத் தள்ளிப்போடக் கூடாது. இங்கே காற்று ஈயை உட்கார விடாது. தெற்கே வெப்பமும் ஈரமும் சேர்ந்தால், அழுக்கான கம்பளியில் பச்சை ஈ முட்டையிட்டு, புழு தோலைத் தின்னத் தொடங்கிவிடும். மேயிலிருந்து செப்டம்பர் வரை தினம் ஒருமுறை எல்லாவற்றையும் பார். காலை உதைப்பது, வாலைத் துடிக்க விடுவது, திரும்பித் திரும்பி முதுகைக் கடிக்கப் பார்ப்பது, கம்பளியில் ஈரமான கறுப்புத் திட்டு, இதில் எது தெரிந்தாலும் அப்போதே பிடித்துப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

குடற்புழுவுக்கு மாதம் ஒரு மருந்து என்று யாராவது சொன்னால் கேட்காதே. அப்படிக் கொடுத்துக் கொடுத்துத்தான் பல மருந்து இப்போது வேலையே செய்வதில்லை. சாணத்தைக் கொடுத்து முட்டை எண்ணச் சொல், இமையின் உள்பக்கம் வெளுத்திருக்கிறதா பார், தேவைப்பட்ட ஆட்டுக்கு மட்டும் கொடு. மேய்ச்சலை நாலாகத் தடுத்துச் சுழற்சியில் விடு. நம் தாத்தா ஊரில் அறுப்பு முடிந்த வயலில் கிடையை மாற்றி மாற்றிப் போடுவார்களே, அந்த மாதிரி. அவர்கள் எருவுக்காக நகர்த்தினார்கள், நீ புழுவுக்காக நகர்த்தப் போகிறாய்.

ஆடுகளை அம்மா தேர்ந்தெடுத்துவிட்டாள். இரண்டு மூரிட், செம்பழுப்பு. ஒன்று ஷேலா, உறைபனி படிந்த கரும்சாம்பல். பாப்பா படத்தில் கைகாட்டிய, வயிறும் காலும் கறுத்த காட்மோகெட் ஒன்று. 1927இல் மந்தைப் பதிவுச் சங்கம் எழுதிய இன இலக்கணத்தில் நிறமும் குறியும் அத்தனை பெயரோடு இருக்க, சாயம் போடத் தோதாக வெள்ளைக் கம்பளிக்கே விலை கொடுத்து வியாபாரிகள் எல்லா மந்தையையும் வெளுக்க வைத்தார்கள். அம்மாவுக்கு அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால்தான் ஒரு வெள்ளையும் உனக்கு வரவில்லை. காயடித்த கிடா மட்டும் என் தேர்வு. வயசானது, நிதானமானது, தீவன வாளியைத் தட்டினால் முதலில் வரும். மற்றவை அதன் பின்னால் வரும்.

காகித வேலையை முன்கூட்டியே முடித்துவிடு. ஒரே ஒரு ஆடு செல்லத்துக்கு வளர்த்தாலும் நிலத்துக்கு ஒரு எண், மந்தைக்கு ஒரு எண் அரசிடம் வாங்கியிருக்க வேண்டும். இல்லாமல் நான் வண்டியில் ஏற்ற முடியாது. காது வில்லைகள் போட்டாயிற்று. வந்து இறங்கின பிறகு 6 நாளைக்கு உங்கள் நிலத்திலிருந்து வேறு ஆடு மாடு வெளியே போகக் கூடாது, பக்கத்து வீட்டுக்காரர் மாடு உங்கள் புல்லில் மேய்கிறது என்றாயே, அவரிடமும் சொல்லிவை. கூட வருகிறேன் என்று அம்மா பிடிவாதம் பிடிக்கிறாள், அபர்தீன் கப்பலில் ஓர் இரவு முழுக்க வாந்தி எடுப்பாள் என்று தெரிந்தும்.

மண் பரிசோதனை முடிவு வந்ததும் போன் பண்ணு. மரத்தடியில் தாமிரம் அதிகம் என்றால் கீழ்ப்பக்கத்தை மட்டும் வேலியடைத்து, நாலுக்குப் பதில் இரண்டு பெட்டையோடு ஆரம்பிப்போம். கப்பலில் இடம் அதற்கு அப்புறம்தான் பதிவு செய்வேன்.

அன்புடன்,
அப்பா