மூன்று விரற்கடை

கோண்டாவில்,
17.09.2025

அன்புள்ள நெடுவலுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீயும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மழையைக் காணோம், கிணறு அடியைத் தொட்டுவிட்டது, சந்தியில் மோர்க்கடை ஆச்சி இப்போதும் உன்னை "அந்தக் கடன்காரப் பொடியன்" என்றுதான் விசாரிக்கிறா. ஊர்ப் புதினம் இவ்வளவே.

இரண்டு மாதமாக உன் அழைப்புகளுக்கு நான் பதில் தரவில்லை. வேலைப்பளு என்று ஒரு வரி அனுப்பினேனே, அது பொய். உன் முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்படும் ஒரு காரியம் நடந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாலை ரோக்கியோவில் நடந்த உலக மெய்வல்லுநர் போட்டியின் ஆண்கள் 100 மீற்றர் இறுதி ஓட்டத்தைப் பார்த்த பிறகு இனியும் மறைப்பது சரியில்லை என்று பட்டது. தொலைபேசியில் என்றால் நீ இடையில் பாய்ந்து என்னைப் பேசவிடமாட்டாய் என்பதால் எழுதுகிறேன்.

நீயும் பார்த்திருப்பாய். எங்களுக்கு அது விளக்கு வைத்து முடிந்த நேரம். தங்கச்சி வீட்டு விறாந்தையில் நானும், அவளுடைய மகனான மருமகனும், அவனது நண்பர் கூட்டமும் அமர்ந்திருந்தோம். நீ தலையில் தூக்கிவைத்து ஆடிய பொட்ஸ்வானாவின் ரெபோகோ, வெடிச் சத்தத்துக்கு முன்னரே புறப்பட்டு வெளியேற்றப்பட்டதைப் பார்த்துப் பொடியன்கள் தலையில் கை வைத்தார்கள். உன் பந்தயப் பணத்தை நான் கேட்கப் போவதில்லை. ஆச்சியின் கடனை அடைத்துவிடு, போதும். பின்னர் ஒபிளிக் செவில் 9.77 செக்கனில் வென்றான், கிஷேன் தொம்சன் 9.82, நோவா லைல்ஸ் 9.89. பார்வையாளர் மேடையில் உசைன் போல்ட் துள்ளியதைப் பார்த்தாயா? போல்டை வளர்த்த கிளென் மில்ஸ்தான் செவிலுக்கும் பயிற்றுநர். போல்ட் 2015 இல் வென்ற பிறகு இந்தப் பட்டம் ஜமெய்க்காவுக்குத் திரும்பி வர பத்து ஆண்டுகள் சென்றிருக்கின்றன.

என்னை உலுக்கியது வேறொன்று. இதே செவில் கடந்த ஆண்டு பரிஸ் ஒலிம்பிக் இறுதியில் எட்டாவதாக, அதாவது கடைசியாக வந்தவன். கடைசியாக வந்தவனின் நேரம் 9.91 செக்கன்! அதை நாங்கள் அதிகாலை ஒன்றரை மணியளவில் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தது உனக்கு நினைவிருக்கும். நீ அங்கே மாலை நான்கு மணியின் மமதையில் என்னைக் கேலி செய்துகொண்டிருந்தாய். லைல்ஸ், தொம்சன் இருவருக்கும் 9.79 என்று பலகை காட்டியது. வென்ற லைல்ஸே தோற்றுவிட்டதாக எண்ணித் தொம்சனைப் பாராட்டப் போனான். பின்னர் ஆயிரத்தில் ஒரு பங்குவரை பிரித்துப் பார்த்து, ஒருவனுக்கு 9.784, மற்றவனுக்கு 9.789 என்றார்கள். தொம்சனின் பாதம் கோட்டை முதலில் கடந்திருந்தது. ஆனால் கணக்கில் வருவது காலும் தலையும் அல்ல, உடல் மட்டுமே. அந்த வேகத்தில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு அல்ல, ஆயிரத்தில் ஐந்து பங்கு செக்கன் என்பது ஐந்தாறு சென்ரிமீற்றர். (பார், எழுதும்போதே கணக்கில் தடுமாறுகிறேன்.) என் கையை மடித்து அளந்து பார்த்தேன்: மூன்று விரற்கடை. கோட்டில் நின்ற கருவி செக்கனுக்கு 40,000 படங்கள் எடுக்கக்கூடியதாம். ஒரு மனிதனின் கையில் அந்தத் தீர்ப்பை விட்டிருந்தால் தொம்சனின் வீட்டில்தான் தங்கம் இருந்திருக்கும்.

இனி என் கைக்கு வருகிறேன்.

மருமகன் 100 மீற்றரை 10.9 செக்கனில் ஓடினான் என்று மே மாதத்தில் உனக்கு நான் கத்திச் சொன்னேன் அல்லவா? நீ அங்கே கனடாவில், ஸ்காபரோவில் கண்டவர் எல்லோருக்கும் அதைச் சொன்னாய். உன் ஊரில் பிறந்த கனடா ஓட்டவீரன் டி கிராஸைத் தோற்கடிக்க ஒருவன் கோண்டாவிலில் இருந்து வருகிறான் என்று கோயிலிலும் சொன்னதாகக் கேள்வி. ஆணிச் சப்பாத்தும் வாங்கி அனுப்பினாய். யூலையில் கொழும்பில் நடந்த தெரிவு ஓட்டத்தில், செயற்கைச் சுவட்டில், மின்னியல் நேரக் கணிப்பில் அவன் ஓடிய நேரம் 11.34. தகுதிகாண் சுற்றிலேயே ஆறாமிடம். தங்கச்சி 'மெசின் பிழை' என்றாள். மச்சான் 'கொழும்பில் வேறென்ன நடக்கும்' என்றார். நான் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் நிறுத்துகடிகாரத்தில் அந்த 10.9 ஐ எடுத்தது என் கட்டைவிரல்.

அதன் பிறகு இரவிரவாக வாசித்தேன். கையால் எடுக்கும் நேரம் எப்போதும் ஓடுபவனுக்குச் சாதகமாகவே விழுகிறது; தொடக்கத்தைக் கண்டு அழுத்துவதற்குள் விரல் பிந்திவிடும், முடிவிலோ ஆள் வருவது முன்கூட்டியே தெரிவதால் பிந்தாது. அதனால்தான் 100 மீற்றருக்குக் கைநேரத்தோடு 0.24 செக்கனைக் கூட்டி ஒப்பிடும் வழக்கம் இருக்கிறது. 1960 இல் உரோமில் ஆர்மின் ஹாரி வென்றபோது அறிவித்த நேரம் 10.2, கருவியில் பதிவானதோ 10.32. 1977 முதல் 100 மீற்றர் உலக சாதனைக்குக் கைநேரத்தை ஏற்பதேயில்லை. இவ்வளவு பழைய செய்தி எனக்கும் உனக்கும் இத்தனை வயதுவரை தெரியாமல் போனது வெட்கக்கேடு.

ஆனால் 10.9 உடன் 0.24 ஐக் கூட்டினால் 11.14 தானே வரவேண்டும்? மிச்சம் 0.20 எங்கே போனது? ஒரு நாள் மாலை அவனைப் பழையபடி புல்லில் ஓடவிட்டு, பக்கத்து வீட்டுப் பொடியனைக் கொண்டு என் கையையும் கோட்டையும் சேர்த்துக் கைத்தொலைபேசியில் மெதுவோட்டப் படம் பிடித்தேன். அதைப் பார்த்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. மருமகன் கோட்டுக்கு இன்னும் ஏறத்தாழ இரண்டு மீற்றர், ஒரு கட்டில் நீளம், தள்ளி இருக்கும்போதே என் விரல் அழுத்திவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். அவன் வென்றுவிட வேண்டும் என்ற ஆசை என் விரலில் ஏறி அவனுக்கு முன்னால் ஓடியிருக்கிறது. 0.24 மனிதர் எல்லோருக்கும் பொதுவான பிழை, மிச்சம் 0.20 மாமன் என்ற முறையில் நான் போட்ட சீதனம்.

அவனிடம் படத்தைக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாதோ என்று இப்போதும் குழம்புகிறேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்ப மாமா, நான் ஒருநாளும் பத்திலை ஓடேல்லையோ?" என்று மட்டும் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. அவனது அறைச் சுவரில் யுபுன் அபேகோனின் படம் ஒட்டியிருக்கிறது; 2022 இல் சுவிற்சர்லாந்தில் 9.96 ஓடி, தெற்காசியாவில் முதன்முதலாகப் பத்துக்குக் கீழே இறங்கியவர். அந்தப் படத்துக்குக் கீழே பென்சிலால் '10.9' என்று அவன் எழுதிவைத்திருந்ததை அன்றிரவு அழித்துவிட்டான். இரண்டு கிழமை மைதானத்துக்குப் போகவில்லை. தங்கச்சி என்னோடு பேசவில்லை.

நம் எதிர்வீரசிங்கம் 1958 இல் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றதும் ரோக்கியோவில்தான்; இப்போதைய அரங்கு நிற்பது அதே நிலத்தில். யாழ்ப்பாணத்தில் படித்த ஒருவர் அங்கே உயரம் பாய்ந்து வென்றார். உயரம் பாய்தலில் எந்த மாமனுக்கும் வேலையில்லை. குறுக்குத்தடி நின்றால் நின்றது, விழுந்தால் விழுந்தது. இவனை அதற்கு விட்டிருக்கலாம் என்று தோன்றியது, ஆனால் உயரம் எங்கள் பக்கத்தில் யாருக்கும் இல்லை.

உயரம் என்றதும் நெடுவலாகிய உன் நினைவு வருகிறது. 1986 இல் இல்ல விளையாட்டுப் போட்டியில் நீ ஓடிய 11.1 ஐ இந்த வெளிச்சத்தில் மறுபடி பார்த்தேன், மன்னித்துக்கொள். யுத்த காலத்தில் வெடி வைத்தால் பெற்றோர் மதிலேறிக் குதிப்பார்கள் என்று தண்டவாள மாஸ்டர் விசில் ஊதியல்லவா ஓட்டத்தைத் தொடக்கினார்? நேரம் எடுத்தவர் முடிவுக் கோட்டில் நின்றார். விசில் ஒலி 100 மீற்றர் கடந்து அவர் காதுக்குப் போவதற்கே 0.3 செக்கன் ஆகும். அதற்குப் பிறகுதான் அவருடைய விரலின் தாமதம். ஆகவே உன் நேரம் 11.5 க்கு மேலே. முப்பத்தொன்பது ஆண்டுகளாக நீ உன் மனைவிக்குச் சொல்லிவரும் கதையை நான் கெடுக்கவில்லை; இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மற்றதைக் காட்டு.

செவிலின் கதைக்கு வருகிறேன். ஞாயிறு இரவு எல்லோரும் போன பின், மருமகன் பரிஸ் முடிவுப் பட்டியலை எடுத்து, எட்டாம் இடத்தில் இருந்த பெயரைச் சில நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு வந்து படலையைத் தட்டி, நேரம் எடுக்க வரச் சொன்னான். நிறுத்துகடிகாரத்தை எடுத்தேன், அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, தொலைபேசியைக் கோட்டில் ஒரு முக்காலியில் கட்டினான். எனக்கு இப்போது துவாயை வீசித் தொடக்கிவைக்கும் வேலை மட்டும்தான். படத்தில் எண்ணிப் பார்த்தோம், 11.3 சொச்சம். அவன் அதை எழுதி வைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை 200 மீற்றர் இறுதி. லைல்ஸ் நான்காவது முறையாக வெல்வான் என்பது என் கட்சி. ரெபோகோவோடு நீ நில்.

நீ அனுப்பிய சப்பாத்து அவனுக்கு இப்போதே இறுக்கமாக இருக்கிறது. பெருவிரல் நகம் கறுத்துவிட்டதை நேற்றுத்தான் கண்டேன், அதுவரை சொல்லவேயில்லை. மார்கழியில் உன் தம்பி வருவதாக இருந்தால் ஓரளவு பெரிதாக ஒரு சோடி கொடுத்தனுப்பு. பணத்தை நான் தருவேன். பரிசாக வேண்டாம் என்று அவன் சொல்லச் சொன்னான்.

அன்புடன்,
உன் கட்டையன்