வரப்புக் கோடு எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். விவசாயத்தில் செயற்கைக்கோளும் ட்ரோனும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையை மதகடியில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். வானத்திலிருந்து எடுத்த வயல் படங்கள் கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தன. ஆனால் அந்தப் பச்சைத் திட்டுகளில் எது யாருடைய வயல், எந்த வரப்போடு எந்த சர்வே எண் முடிகிறது என்று கோடு போட்டுக் கொடுப்பது யார்? அந்த இடத்தைக் கட்டுரை தாண்டிப் போய்விட்டது. நானும் என் அக்கா மகனும் மூன்று வருஷமாக முட்டிக்கொண்டு நிற்பதே அங்கேதான்.

நான் திருவாரூர் மாவட்டத்துக் கடைமடைக்காரன், வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற ஊர். பதினொரு மா நிலம் (ஒரு மா, ஏக்கரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு), பெரும்பாலும் சம்பா மட்டும். அக்கா மகன் சிவில் படித்துவிட்டு எங்கள் உழவர் குழுவின் கணக்கு வழக்கைப் பார்க்கிறான். அவனிடம் இருக்கும் பழைய மடிக்கணினியில் வரைபடம் போட உதவும் கியூஜிஐஎஸ் என்ற கட்டற்ற மென்பொருளை ஏற்றியிருக்கிறான். கேரி ஷெர்மன் என்பவர் 2002-இல் தொடங்கியது. இன்று உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து வளர்க்கிறார்கள். காசு கிடையாது, வருஷா வருஷம் உரிமம் புதுப்பிக்கும் தொல்லையும் கிடையாது. படங்களும் அப்படியே. பூமியைக் கண்காணிக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்நிக்கஸ் திட்டத்தில் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் எடுப்பதை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஒரு படம் கிட்டத்தட்ட ஒரு ஜிபி வரும், ராத்திரி போட்டால் விடியற்காலையில் இறங்கியிருக்கும். அமெரிக்காவின் லேண்ட்சாட் படங்களைக் காசு கொடுத்து வாங்கிய காலமும் இருந்தது. 2008-இலிருந்து அவையும் இலவசம். எங்கள் ஊர்க் குளம் தொண்ணூறுகளில் எவ்வளவு பரந்து கிடந்தது, கருவை எங்கிருந்து ஏறி வந்தது என்று அவன் ஒருநாள் வரிசையாகக் காட்டினான். அது தனிக் கதை, அதை எழுதினால் ஊரில் இரண்டு பேர் என்னோடு பேச மாட்டார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது 100 சதுர மீட்டர். எங்கள் பக்கத்து மா, நூறு குழி, ஏறத்தாழ 1340 சதுர மீட்டர். ஆக ஒரு மாவுக்குப் பதின்மூன்று புள்ளிதான். அதிலும் ஓரத்தில் விழும் புள்ளியில் பாதி என் நெல், மீதி வரப்பு, அதற்கப்பால் பக்கத்துக்காரர் உளுந்து. சுத்தமாக என் பயிரை மட்டும் காட்டும் புள்ளி நாலைந்து தேறினால் அதிகம். இப்போது யோசித்துப் பாருங்கள். வரப்புக் கோடு ஐந்து மீட்டர் தள்ளி விழுந்தால் என் வயலின் கணக்கில் அடுத்தவர் பயிர் வந்து சேர்ந்துவிடும். பஞ்சாபில் பத்து ஏக்கர் ஒரே துண்டாகக் கிடக்கிற இடத்தில் இதெல்லாம் பிரச்சினையே இல்லை. மா கணக்கில் நிலம் வைத்திருக்கிற டெல்டாவில் கோடுதான் எல்லாம்.

அடுத்தது மேகம். ஐப்பசி, கார்த்திகையில் சம்பா தூர் கட்டும்போது எங்கள் ஊர் வானத்தை எந்தக் கேமராவும் துளைக்காது. ஐந்து நாளைக்கு ஒருமுறை படம் வந்தாலும் வெள்ளைப் பஞ்சுதான் தெரியும். அதற்குத்தான் சென்டினல்-1 என்ற ராடார் செயற்கைக்கோள். மேகமானாலும் இரவானாலும் அதற்குக் கவலையில்லை. நடவு சமயத்தில் தண்ணீர் நிற்கிற வயல் அதில் கறுப்பாக விழும். பயிர் எழும்ப எழும்ப வெளுத்துக்கொண்டே வரும். கறுப்பிலிருந்து வெளுப்புக்கு ஏறுகிற அந்த ஏற்றத்தை வைத்துத்தான் இது நெல், இன்ன வாரத்தில் நட்டது என்று கண்டுபிடிக்கிறார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகமும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து தமிழ்நாட்டு நெல் பரப்பை இந்த முறையில் அளந்தது நல்ல வேலை, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

ஆனால் கடைமடையில் பாதிப்பேர் நடவே நடுவதில்லை. தண்ணீர் வருமா வராதா என்று தெரியாமல் புழுதியில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்போம். அப்போது அந்தக் கறுப்பு எங்கிருந்து வரும்? பயிர் ஒரு சாண் வளர்ந்த பிறகு மழைத் தண்ணீர் நின்றால் கணினி அதை நடவு என்று எடுத்துக்கொண்டாலும் எடுத்துக்கொள்ளும். ஒரு மாதம் பிந்தி நட்டதாகக் கணக்காகிவிடும். எங்கள் வயலில் அக்கா மகன் போட்டுப் பார்த்த கணக்கு இப்படித்தான் தப்பியது. விதைத்த தேதி எனக்குத் தெரிந்ததால் அந்தத் தப்பைப் பிடித்தோம். அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர் எப்படிப் பிடிப்பார்? கணக்குப் போட்ட முறையையும் அதற்கு எடுத்த தரை விவரத்தையும் வெளியே வைத்தால் ஊருக்கு ஒருவராவது பார்த்துச் சொல்வார்.

இனி வரப்புக் கோடு. அரசின் இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால் பட்டா வரும், வயலின் எல்லை அளவுகள் போட்ட புலப்படமும் வரும். அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். முன்பெல்லாம் புலப்படத்தைப் பார்க்கவே தாலுகா ஆபீசில் நாள் கணக்கில் நிற்க வேண்டும். ஆனால் வருவது பிடிஎஃப். ஒவ்வொரு சர்வே எண்ணும் தனித்தனித் தாள். அளக்க அடிப்படையாகப் போடும் ஜி லைன் அளவு, அதிலிருந்து பிரியும் கிளை அளவு எல்லாம் மீட்டரில் இருக்கும். அந்த வயல் பூமியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதற்கான அட்சரேகை, தீர்க்கரேகை மட்டும் இருக்காது. செயற்கைக்கோள் படத்தின் மேல் அதைப் போட வேண்டுமென்றால் ஒவ்வொரு தாளாக எடுத்து, மூலைக்கல்லைக் கண்டுபிடித்து, கையால் ஒட்ட வேண்டும்.

அதைத்தான் செய்தோம். நடந்துகொண்டே கோடு குறிக்க உதவும் கியூஃபீல்டு என்ற இன்னொரு கட்டற்ற செயலியைச் செல்பேசியில் போட்டுக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்தோம். காலையில் பனி, கால் வைத்தால் வழுக்கும் வரப்பு. அவன் செல்பேசியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு முன்னால் போக, நான் அளவுக்கல்லைத் தேடிக்கொண்டு பின்னால். ஒரு கல் கருவைப் புதருக்குள் இருந்தது. இன்னொன்றைக் களத்தடியில் யாரோ துணி துவைக்கப் போட்டிருந்தார்கள். நாலு பக்கமும் சுற்றி வந்து பார்த்தால் செல்பேசி காட்டிய கோடு பக்கத்து வயலுக்குள் மூன்று மீட்டர் போயிருந்தது. சாதாரண செல்பேசியின் ஜிபிஎஸ் அவ்வளவுதான். “நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து நிலத்தை அபகரிச்சுட்டோம் மாமா” என்று சிரித்தான். மறுபடி புலப்படத்து அளவை வைத்துச் சரிசெய்தோம். ஒரு சர்வே எண்ணுக்கு அரை நாள் போய்விடுகிறது. இதே வயல்களை அரசு ஏற்கெனவே அளந்து, கணினியிலும் வரைந்து வைத்திருக்கிறது. நாங்கள் அதையே மறுபடி செய்கிறோம் என்று நினைக்கும்போதுதான் எரிச்சல் வருகிறது.

வரைபடம் வரைகிற ஆசையில் இதைச் செய்யவில்லை, பயிர்க் காப்பீட்டுக்காகத்தான். 2021 ஜனவரியில் அறுவடை நேரத்தில் கொட்டிய மழையில் சாய்ந்த கதிர் வயலிலேயே முளைத்தது, டெல்டா முழுக்க எல்லாரும் பார்த்தது. மேலிருந்து பார்த்தால் அந்த வயலும் பச்சையாகத்தான் தெரியும். முளைத்த நெல்லை எந்தச் செயற்கைக்கோளும் காட்டாது. அதனால் தரையில் அறுத்துப் பார்க்கிற பரிசோதனை வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. பிரதமர் பயிர்க் காப்பீட்டில் முக்கியப் பயிருக்குக் கிராமத்துக்குக் குறைந்தது நான்கு அறுவடைப் பரிசோதனை. நெல்லுக்கு ஒவ்வொன்றும் 5 மீட்டருக்கு 5 மீட்டர், அதாவது 25 சதுர மீட்டர். நான்கையும் கூட்டினால் 100 சதுர மீட்டர். சரியாக ஒரு சென்டினல் புள்ளி! ஒரு கிராமத்தின் இழப்பீடு பெரும்பாலும் அந்த ஒரு புள்ளியில் நிற்கிறது. அந்த நான்கு இடம் எது, மேட்டு வயலா பள்ள வயலா, எவ்வளவு விளைச்சல் கண்டது என்பதை ஊர் பார்க்கிற மாதிரி வைத்தால் என்ன? ராடார் படத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க எங்கள் குழுவிலேயே ஆள் இருக்கிறது.

போன வருஷம் தண்ணீர் நின்ற நாட்களுக்கான ராடார் படங்களை அச்செடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். “எங்ககிட்ட இருக்கிற வரைபடத்துல உங்க கிராமம் வேற மாதிரி வருது” என்றார். அதைக் காட்டுங்கள் என்றோம். காட்ட முடியாது, வெளியே கொடுக்கிற தரவு இல்லை என்றார். பாதுகாப்பு சம்பந்தப்பட்டது போலும் என்று திரும்பி வந்துவிட்டோம். பிறகுதான் அக்கா மகன் 2021 பிப்ரவரி 15-ஆம் தேதி மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட புவியிடத் தரவு (வரைபடம், இடம் சார்ந்த விவரம்) வழிகாட்டுதலை எடுத்துக் காட்டினான். பாதுகாப்பு, காவல் அமைப்புகள் ரகசியமாக வைத்திருப்பவை போக, பொதுப்பணத்தில் உருவான தரவை இந்தியர் எல்லாருக்கும் எளிதாகக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. என் பதினொரு மா என்ன ராணுவ ரகசியமா?

தரவைத் திறந்தால் நில விவரம் புரோக்கர் கையில் போய்விடும் என்று எங்கள் ஊர் வாத்தியார் ஒருவர் சொன்னார். நியாயமான பயம்தான். ஆனால் நான் கேட்பதில் பெயர் இல்லை. சர்வே எண், உட்பிரிவு, வரப்புக் கோடு, இவ்வளவு போதும். வேடிக்கை என்னவென்றால் என் பெயரும் என் தகப்பனார் பெயரும் இருக்கிற பட்டாவை இன்றைக்கே இணையத்தில் பார்க்கலாம். பெயரே இல்லாத கோட்டைத்தான் கோப்பாக எடுக்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பெரிய கம்பெனிகளின் வரைபடத் தளங்களும் இலவசம்தானே, அதைப் பயன்படுத்தலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அவர்கள் நாளைக்குக் கதவைச் சாத்தினால் நம் உழைப்பும் உள்ளேயே போய்விடும். கியூஜிஐஎஸ்ஸில் போட்ட வேலை எங்கள் பென்டிரைவில் இருக்கிறது.

இதுவரை அறுபத்தொரு சர்வே எண்ணுக்கு வரப்புக் கோடு முடித்திருக்கிறோம். எங்கள் வருவாய்க் கிராமத்தில் இன்னும் பாதிக்கு மேல் பாக்கி. இப்போது வயலில் தண்ணீர் நிற்கிறது, வரப்பில் நடக்க முடியாது. தை அறுப்பு முடிந்து தரை காய்ந்ததும் மறுபடி கிளம்புவோம். அதற்குள் அரசே கோப்பைக் கொடுத்துவிட்டால் எங்களுக்கு அந்த நடை மிச்சம்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவர்,
திருத்துறைப்பூண்டி வட்டம்.