போதிதர்மரை விடு பாப்பா, உன் குதிகாலைப் பாரு

பாப்பா,

நீ கேட்டதுக்கு வாட்ஸாப்ல ரெண்டு வரில பதில் போட்டா பத்தாது, அதான் உக்காந்து டைப் பண்றேன், நீளமாத்தான் இருக்கும், மெட்ரோல போறப்ப படிச்சுக்கோ. அங்க கொரியால நீ சேர்ந்திருக்கியே, அவங்க சண்டைக்கலை டேக்வாண்டோ, அந்த மாஸ்டர் கிட்ட "இது எங்க காஞ்சிபுரத்துல இருந்து வந்த கலை, போதிதர்மர் கொண்டு வந்தது"ன்னு சொல்லலாமான்னு கேட்டியே, வேணாம்டி, சொல்லிடாத. உன் பெரிய மாமா குடும்ப குரூப்ல போட்ட ஃபார்வர்ட் தானே அது? அவருக்கு இட்லில இருந்து ராக்கெட் வரைக்கும் எல்லாம் நம்ம ஊர்ல இருந்து தான் போயிருக்கு. போதிதர்மர் ஷாவோலின்ல சண்டை கத்துக்குடுத்தாருங்கறதே அவர் காலத்துக்கு ஆயிரம் வருஷம் கழிச்சு வந்த கதைன்னு தான் ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க, அதுக்கு மேல கொரியா வரைக்கும் இழுத்தா அறுந்துடும்.

இதுல கூத்து என்னன்னா கொரியாக்காரங்களும் நம்ம மாமா மாதிரி தான். ரெண்டாயிரம் வருஷக் கலை, கோகுர்யோ காலத்துக் கல்லறை ஓவியத்துல இருக்கு, சில்லா நாட்டு ஹ்வாராங் வீரர்கள் பண்ணதுன்னு அவங்க பக்கமும் ஒரு ஃபார்வர்ட் ஓடிட்டே இருக்கு. உங்க டோஜாங் (பயிற்சிக் கூடம்) சுவத்துலயும் ஒட்டியிருப்பாங்க பாரு. முப்பது வருஷம் பி.டி. டீச்சரா இருந்தவ சொல்றேன், அந்தப் பழம்பெருமையை விட நிஜமா நடந்தது தான் எனக்குப் பிடிச்சிருக்கு.

1910ல இருந்து 1945 வரைக்கும் கொரியா ஜப்பான்காரன் கையில. அப்ப ஜப்பானுக்குப் படிக்கப் போன பசங்க அங்க கராத்தே கத்துகிட்டு வந்தாங்க. லீ வொன் குக்னு ஒருத்தர், கராத்தே மாஸ்டர் ஃபுனாகோஷி கிட்டயே கத்துகிட்டவர், 1944ல சியோல்ல சங் டோ க்வான்னு ஒரு பள்ளி ஆரம்பிச்சாரு. விடுதலைக்கு அப்புறம் இந்த மாதிரி க்வான்கள் நிறைய முளைச்சது, ஆளுக்கு ஒரு பேரு, ஆளுக்கு ஒரு ஸ்டைல், நான் பெரியவனா நீ பெரியவனான்னு. அப்புறம் கொரியப் போர் வேற. போர் முடிஞ்சு 1954ல ஒரு ராணுவ விழாவுல நாம் தே ஹின்னு ஒரு ஆபீசர் கூரை ஓடுகளை அடுக்கி வச்சு கையால உடைச்சுக் காட்ட, ஜனாதிபதி சிங்மான் ரீ அதைப் பார்த்துட்டு "இது நம்ம பழைய தெக்கியோன் தானே"ன்னாராம், தெக்கியோன்னா கொரியாவோட பழைய உதைக்கலை. கராத்தேல இருந்து வந்ததுன்னு அவர் கிட்ட யாரு சொல்லுவா? ஜப்பான் வாடையே வரக்கூடாதுன்னு நினைச்ச நேரம் அது. ஜெனரல் சோய் ஹொங் ஹி தெக்கியோன் காதுல விழற மாதிரி ஒரு பேரைத் தேடிப் புடிச்சு, 1955 ஏப்ரல் 11 கூட்டத்துல டேக்வாண்டோன்னு முன்வச்சாரு. அந்தப் பேருக்கு உங்க தாத்தாவை விட வயசு கம்மி!

இதுக்காக யாரும் வெட்கப்படத் தேவையே இல்ல. கராத்தேல இருந்து எடுத்தாங்க, சரி, ஆனா எடுத்ததை அப்படியே வச்சுக்கலயே, கையைக் குறைச்சு காலை மேல ஏத்தி, சுத்தி, குதிச்சு, வேற ஒண்ணாவே ஆக்கிட்டாங்கல்ல.

அந்த சோய் கதை தான் பாவம். 1966ல ஐடிஎஃப்னு உலக சங்கம் ஆரம்பிச்சவர், அப்ப ஜனாதிபதியா இருந்த பார்க் சங் ஹீ ஆட்சியோட ஒத்துப்போகாம 1972ல கனடாவுக்குப் போயிட்டாரு. அடுத்த வருஷமே சியோல்ல கிம் உன் யோங் தலைமையில வேற உலக சங்கம் வந்துடுச்சு, இப்ப ஒலிம்பிக்ஸ் நடத்துறது அவங்க தான். சோய் 1980ல வட கொரியாவுக்கு ஒரு டீமைக் கூட்டிட்டுப் போனாரு, தெற்குல துரோகின்னு முத்திரை குத்திட்டாங்க, 2002ல பியோங்யாங்ல தான் செத்தாரு. அதனால இன்னைக்கும் ரெண்டு டேக்வாண்டோ இருக்கு, உங்க கிளாஸ்ல தேகுக் பூம்சேங்கற அசைவு வரிசைகளைக் கத்துக்குடுத்தா நீ தெற்கு கட்சி. இந்த ரெண்டு கட்சி விஷயத்தை மாஸ்டர் கிட்ட நீயா ஆரம்பிக்காத, அவங்க வீட்டுச் சண்டை, நமக்கு எதுக்கு.

அப்புறம் நீ போன்ல சொன்னியே, மேட்ச் பார்த்தா போர் அடிக்குது, ஒத்தக்கால்ல நொண்டி ஆடுற மாதிரி இருக்குன்னு, அது உண்மை தான், அங்கயே நிறைய பேர் கால்ல கத்திச்சண்டைன்னு கிண்டல் பண்றாங்க. காரணம் அந்த சென்சார் ஜாக்கெட். முன்னாடி ஓரத்துல உக்காந்திருக்கற நடுவர்கள் கண்ணால பார்த்து பட்டன் அமுக்குவாங்க, அடி 'டொம்'னு கேக்கணும், அதுல ஏகப்பட்ட சண்டை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ்ல கியூபாவோட மாத்தோஸ் கடுப்புல நடுவர் மூஞ்சிலயே உதைச்சுட்டாரு, வாழ்நாள் தடை. அது தீர்ப்பைப் பத்தின கோபமே இல்ல, அடிபட்டு உக்காந்தப்ப டைம் முடிஞ்சுதுன்னு வெளிய அனுப்பினதுக்கு, ஆனாலும் விளையாட்டுக்கு எவ்ளோ கெட்ட பேரு. 2012 லண்டன்ல இருந்து ஜாக்கெட்டே எண்ணுது, கால் சாக்ஸ்லயும் சென்சார். உடம்புல உதைச்சா 2, தலையில 3, சுத்தி உதைச்சா இன்னும் 2 கூட, கைக்குத்து வெறும் 1. ஓரமா தொட்டாலும் மெஷின் எண்ணிடும்னு ஆனதும் உயரமான பசங்க முன்கால தூக்கி அந்தரத்துல வச்சுகிட்டு தடவித் தடவி பாயிண்ட் எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. நியாயம் கூடுச்சு, அழகு குறைஞ்சுது, என்னைக் கேட்டா நியாயமே போதும்பேன், ஆனா 2004 ஏதென்ஸ் ஃபைனல் யூடியூப்ல பார்த்தேன்னா உனக்கும் மனசு மாறும். மூன் தே சுங், கிரீஸ் ஆளு அவரோட சொந்த நாட்டுலயே எதிர்ல, ஒரே ஒரு பின்சுழல் உதை, அவ்ளோதான், நாக் அவுட்.

இன்னொரு மேட்ச் கண்டிப்பா பாரு. டோக்கியோல தாய்லாந்துப் பொண்ணு பனிபக், 49 கிலோ, ஸ்பெயின்ல இருந்து வந்த 17 வயசுக் குட்டிக்கு எதிரா 10-9ன்னு பின்தங்கி இருக்கா, இன்னும் சில செகண்ட் தான், ஒரு உதை, 11-10. நான் சோபால இருந்து எழுந்தே நின்னுட்டேன், அப்பா தூக்கம் போச்சுன்னு கத்தறாரு. அந்தப் பொண்ணோட கோச் யாரு தெரியுமா, சோய் யங் சோக், கொரியால பொறந்தவர். அதே டோக்கியோல கொரியாவுக்கு எட்டுல ஒரு தங்கம் கூட வரல, 2000 சிட்னில இது மெடல் விளையாட்டா ஆனதுல இருந்து அப்படி ஆனது அதான் முதல் தடவை. ஊர் ஊராப் போய் கத்துக்குடுத்தது அவங்களே தானே, பொறாமைப்பட முடியுமா. ஆப்கானிஸ்தானுக்கு முதல் ஒலிம்பிக் மெடல் வாங்கிக் குடுத்த ரோஹுல்லா நிக்பாயும் டேக்வாண்டோக்காரர் தான், ஈரான்ல அகதியா இருந்தப்ப பழகினவர். பெரிய கிரவுண்டு, குதிரை, படகு எதுவும் வேணாம், ஒரு ரூமும் சொல்லிக்குடுக்க ஒரு ஆளும் இருந்தா போதும்ல, எங்க ஸ்கூல்லயும் எனக்கு அந்த வசதி தான் இருந்துச்சு. பாரிஸ்ல கொரியா திரும்ப ரெண்டு தங்கம் எடுத்துடுச்சு, அதனால உங்க மாஸ்டர் இப்ப நல்ல மூட்ல தான் இருப்பாரு.

லீவுல சியோல்ல இருக்கற டேக்வாண்டோ தலைமையகம் குக்கிவொன் போயிட்டு வா, கங்னம் ஸ்டேஷன்ல இருந்து நடந்தே போயிடலாம், கொஞ்சம் மேடு, பழைய காலத்து ஓட்டுக்கூரை வச்ச கட்டிடம். 1972ல தான் கட்டினது, பார்த்தா மட்டும் நூறு வருஷம் சொல்லுவ, அங்கயும் அதே வயசுப் பெருமை! 1973ல முதல் உலக சாம்பியன்ஷிப் அங்க தான் நடந்துச்சு.

சின்னப் பசங்களோட வெள்ளை பெல்ட் கட்டிகிட்டு நிக்கக் கூச்சமா இருக்குன்னியே, பசங்க உன்னைப் பார்க்கவே மாட்டாங்க, அவங்களுக்கு அடுத்த பெல்ட் தான் கண்ணு. மாஸ்டர் கிட்ட ஏதாவது பேசியே ஆகணும்னா அவர் எந்த க்வான் வழில வந்தவர்னு கேளு, மனுஷன் மணிக்கணக்கா பேசுவாரு.

நீ அனுப்புன வீடியோவ நாலஞ்சு தடவ பார்த்தேன். தோல்யோ சாகி (பக்கவாட்டுல சுத்தி அடிக்கற உதை) அடிக்கறப்ப நிக்கற கால் அப்படியே தரையில ஒட்டிட்டு இருக்கு, அதான் இடுப்பு திரும்பல, முட்டிக்கு மொத்த வெயிட்டும் போகுது. நுனிக்கால்ல சுத்தி, குதிகால் எதிராளியைப் பார்க்கற மாதிரி வரணும். முதல்ல சுவத்தைப் புடிச்சுகிட்டு மெதுவா பண்ணு, உயரம் அப்புறம் வரும். ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல போனைத் தரையில வச்சுட்டு உதைச்சுக் காட்டு, எனக்கு உன் மூஞ்சி வேணாம், குதிகால் தெரியணும்.

அம்மா