ஆயாவின் தைலமும் அம்மாவின் ஆராய்ச்சியும்

தண்டையார்பேட்டை

கண்ணு,

நேற்று நீ போனை வைத்ததிலிருந்து ஆயா முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறது. தைலம் தேய்த்தால் முட்டி வலி குறைகிறது என்று அது சொன்னதற்கு, "எல்லாம் மனப்பிரமை ஆயா" என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டாயே, எம்.எஸ்ஸி. படிக்கிறவன் பேசுகிற பேச்சா இது? காசிமேட்டில் மீன் கூடை சுமந்தே தேய்ந்த முட்டி, தைலம் போய் அதைச் சரிசெய்யாது, மருந்துக் கடையில் நிற்கிற எனக்கு அது தெரியாதா? ஆனால் வலி குறைந்தது பொய்யில்லை.

எப்படி என்று சொல்கிறேன், கேள். கசகசாச் செடியின் பாலிலிருந்து எடுக்கிற வலிமருந்துதான் மார்ஃபின். அது போய் ஒட்டிக்கொள்கிற ஏற்பிகள், அதாவது மருந்து வந்து பொருந்துகிற இடங்கள், மூளையில் இருப்பதை 1973-ல் கேண்டஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் என்கிற ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். கசகசாச் செடியின் பாலுக்காகவா உடம்பு அதையெல்லாம் வைத்திருக்கும்? உள்ளேயே ஏதோ சுரக்கிறது என்று தேடி, 1975-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து என்கெஃபலின் என்கிற, மூளையே சுரக்கிற வலிமருந்தைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். ஐந்தே அமினோ அமிலம், அவ்வளவுதான். அப்புறம் அதே மாதிரி உடம்பே சுரக்கிற எண்டார்ஃபின், டைனார்ஃபின் என்று வந்தன. இதில் டைனார்ஃபின் காப்பா என்கிற வகை ஏற்பியில் ஒட்டினால் சுகம் வராது, மனசுதான் கசந்துபோகும், எல்லாவற்றுக்கும் 'இன்ப ரசாயனம்' என்று பேர் வைக்கிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை. குடலிலும் இந்த ஏற்பிகள் உண்டு, வயிற்றுப்போக்குக்கு நான் கடையில் எடுத்துக் கொடுக்கிற லோபராமைடு அங்கேதான் வேலை செய்கிறது.

சரி, ஆயா விஷயத்துக்கு வருகிறேன். 1978-ல் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் என்கிற மூன்று ஆராய்ச்சியாளர்களும் ஞானப்பல் எடுத்தவர்களுக்கு, வலிக்கு மருந்து என்று நம்பவைத்து, மருந்தே இல்லாத ஊசியைப் போட்டார்கள். சிலருக்கு வலி குறைந்தது. அப்படிக் குறைந்தவர்களுக்கு நலாக்ஸோன் கொடுத்ததும் வலி மறுபடி ஏறியது. நலாக்ஸோன் இந்த ஏற்பிகளை அடைத்துக்கொள்கிற மருந்து, அந்த ஊசியில் வலி குறையாதவர்களுக்கு அதைக் கொடுத்தபோது வலி கூடவில்லை. அப்படியென்றால் நம்பிக்கையில் வந்த அந்தச் சுகத்துக்குப் பின்னால் மூளையே சுரந்த சரக்கு இருந்திருக்கிறது, நீ சொல்கிற வெறும் பிரமை இல்லை. தேய்க்கிற சூடும் கை படுகிற இதமும் வேறு வழியில் உதவும், முழுப் பெருமையையும் என்கெஃபலினுக்குக் கொடுக்கச் சொல்லவில்லை.

அதுக்காகத் தைலமே போதும் என்று விடப்போவதில்லை. வியாழக்கிழமை எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போகிறேன், எக்ஸ்ரே எடுக்கணும். நயினா ஆட்டோ சொல்லிவிட்டார். ராத்திரி ஒரு போன் போடு, எனக்கு வேண்டாம், ஆயாவுக்குப் போடு.

அம்மா