மாட்டுப் பல்லில் பதிந்த வழித்தடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கீழடியில் கிடைத்த விலங்கு எலும்புகளைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், அவை எந்தெந்த விலங்குகளுடையவை என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. புணேயிலுள்ள தக்காணக் கல்லூரிக்கு அனுப்பப்பட்ட 70 எலும்புத் துண்டுகளில் மாடு, எருமை, ஆடு ஆகியவற்றோடு கலைமான், காட்டுப்பன்றி, மயில் முதலியனவும் இருந்ததாக மாநிலத் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அந்த மாடுகள் வைகைக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவையா, வேறு சீமையிலிருந்து ஓட்டிவரப்பட்டவையா என்பதை எலும்பின் வடிவம் சொல்லாது. பல்லின் வேதியியல் சொல்லக்கூடும்.

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்துச் சந்தைகளில் தரகர் மாட்டின் வாயைத் திறந்து, 'இன்னும் பல் போடவில்லை', 'நாலு பல்' என்று நொடியில் வயதைச் சொல்லிவிடுவார். அவர் பார்ப்பது முன்வாய்ப் பற்களை. ஆய்வாளருக்கு வேண்டியது கடைவாய்ப் பல். உயரமான அந்தப் பல்லின் எனாமல் (பல்லை மூடியிருக்கும் கெட்டியான மேலுறை), மேல்நுனியில் தொடங்கி வேரை நோக்கி மாதக்கணக்கில் படிகிறது. மூன்றாம் கடைவாய்ப் பல் ஏறக்குறைய ஒன்பதாம் மாதத்திலிருந்து இரண்டு வயதுவரை உருவாகிறது. எடையில் சுமார் 96 விழுக்காடு கனிமமாக இருப்பதால், மண்ணுக்குள் எலும்பு மாறிப்போகும் அளவுக்கு எனாமல் மாறுவதில்லை.

எனாமலில் கால்சியத்துக்குரிய இடத்தில், அதை ஒத்த தனிமமான ஸ்ட்ரான்சியமும் சிறிதளவு அமர்ந்துவிடுகிறது. பாறையிலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து புல்லுக்கும் நீருக்கும், அங்கிருந்து மாட்டுக்கும் அது வந்து சேர்கிறது. ஒரே தனிமத்தின் அணுக்களுக்குள்ளும் எடை வேறுபடும்; பெயரோடு வரும் எண் அந்த எடையைக் குறிக்கிறது. பாறையிலுள்ள ருபீடியம் என்ற தனிமத்தின் ருபீடியம்-87 அணு மெல்லச் சிதைந்து ஸ்ட்ரான்சியம்-87 ஆவதால், ருபீடியம் மிகுந்த பழம்பாறைகளில் ஸ்ட்ரான்சியம்-87-க்கும் 86-க்கும் உள்ள விகிதம் உயர்ந்திருக்கும். இன்றைய கடல்நீரில் அது 0.7092. வைகை பிறக்கும் வருசநாட்டு மலைப்பக்கத்துப் பழம்பாறை நிலத்தில் மேய்ந்த கன்றும், கிழக்கே கடலோரப் படிவு நிலத்தில் மேய்ந்த கன்றும் ஒரே விகிதத்தைக் காட்டா என்று எதிர்பார்க்க இடமிருக்கிறது.

வழக்கமான முறையில் எனாமலைத் துளைக்கருவியால் சுரண்டித் தூளாக்கி, அமிலத்தில் கரைத்துப் பிரிக்க வேண்டும். பல்லில் வரிசையாகப் பள்ளங்கள் விழும். செட்டிநாட்டுக் கட்டடப் பாணியில் எழுப்பப்பட்டு 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கத் தகுந்த ஒரு பல்லை அப்படிச் செய்ய யாருக்கும் மனம் வராது. ஆனால் லேசர் ஒளிக்கற்றையால் எனாமலைப் பெயர்க்கும் முறையில், தலைமுடியின் பருமனையோ அதைவிடச் சற்றுக் கூடுதலான அகலத்தையோ கொண்ட தடத்தில் மட்டும் எனாமல் பெயர்கிறது. அந்த நுண்துகளை ஹீலியம் வாயு ஏந்திச் சென்று ஆர்கான் பிளாஸ்மாவில் (கடும் வெப்பத்தில் மின்னூட்டம் பெற்ற ஆர்கான் வாயுவில்) சேர்க்க, அயனியாகும் அணுக்களை நிறைமானி எடைவாரியாகப் பிரித்து எண்ணுகிறது. அலாஸ்காவில் கிடைத்த, 17,100 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மம்மூத் யானை ஒன்றின் சுமார் 1.7 மீட்டர் நீளத் தந்தத்தை (தந்தமும் பல்தானே) இப்படி லேசரால் தொடர்ச்சியாக அளந்து, அதன் 28 ஆண்டு வாழ்நாளின் நடமாட்டத்தையே வரைபடமாக்கி 2021-இல் வெளியிட்டார்கள்.

லேசர் என்றதும் மயங்கிவிடவும் வேண்டாம். கால்சியம் 40, பாஸ்பரஸ் 31, ஆக்சிஜன் 16 ஆகிய மூன்றும் பிளாஸ்மாவில் ஒட்டிக்கொண்டால் கூட்டுத்தொகை 87. கருவி அதையும் ஸ்ட்ரான்சியம்-87 என்றே எண்ணிவிடும். தாவர உண்ணிகளின் பல்லில் ஸ்ட்ரான்சியம் கூடுதலாக இருப்பதால் இப்பிழை சிறிதாகலாம், ஆனால் திருத்தாமல் விட முடியாது. மேலும், படிந்த எனாமல் முழுமையாகக் கெட்டிப்பட மாதங்கள் ஆவதால், பருவங்களைப் படிக்கலாமே தவிர நாட்களைப் படிக்க இயலாது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை, ஒப்பிட்டுப் பார்க்க உள்ளூர் அளவு இல்லாமல் ஆய்வைத் தொடங்குவது. அதற்கு வேண்டியது எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. புலிக்குளம் மாடுகளைக் கிடை போடுவோர் அறுவடை முடிந்த வயல்களில் இரவில் மாடுகளை அடைத்து, எருவுக்குக் கூலி பெற்று ஊர் ஊராக நகர்கிறார்கள். ஒரு கன்று எந்த மாதத்தில் எந்த ஊர் வயலில் நின்றது என்பதை அவர்களைக் கேட்டு எழுதிவைக்கலாம். பின்னாளில் இயற்கையாக இறக்கும் அந்த மாடுகளின் பற்களை உரியவர் ஒப்புதலோடு பெற்று, வழியெங்கும் எடுத்த புல், நீர் ஆகியவற்றோடு சேர்த்து அளந்தால், தெரிந்த வழித்தடம் எனாமலில் எப்படிப் பதிகிறது என்பது விளங்கும். கீழடிப் பல்லின் அளவைப் பொருத்திப் பார்க்க வேண்டியது அதனோடுதான்.

இதற்குக் காலம் பிடிக்கும். அதுவரை, வைகைக் கரை அகழாய்வுகளில் கிடைக்கும் கடைவாய்ப் பற்களைத் தாடையிலிருந்து பெயர்க்காமலும், மேலே பிசின் பூசாமலும், எந்தக் குழியில் எந்த ஆழத்தில் கிடைத்தவை என்ற குறிப்போடு தனியே எடுத்துவைக்குமாறு தொல்லியல் துறையைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
காரைக்குடி.